வீட்டுப் பையனை விற்பதா, வைத்துக்கொள்வதா: கால்பந்து கிளப்புகளின் கணக்கு

மதுரையில் ஐரோப்பியக் கால்பந்து பார்க்கிற கூட்டம் இப்போது சின்னதல்ல. குளிர்காலச் சனிக்கிழமைகளில் இரவு எட்டரைக்கு இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக், நடுவாரத்தில் நள்ளிரவு ஒன்றரைக்கு ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் என்று கண்விழித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் அதே ஆட்டத்தை அலசுகிறவர்கள் நிறைய. அவர்களிடமிருந்து அடிக்கடி வருகிற கேள்வி ஒன்று உண்டு. ஆறு வயதில் கிளப்பின் பயிற்சிப் பள்ளியான அகாடமிக்கு வந்து, வேறு எந்த ஊர்ச் சட்டையும் போட்டறியாத பையனை அவனுடைய கிளப்பே ஏன் விற்கிறது? பத்து கோடி பவுண்டு கொட்டி வெளியாளை வாங்கத் தெரிந்த கிளப்புக்கு, தன்னிடமே வளர்ந்த பையனுக்குச் சம்பளம் கொடுக்க முடியாதா?

முடியும். பெரும்பாலான கிளப்புகளுக்கு அந்தப் பையன்தான் இருப்பதிலேயே மலிவான நட்சத்திரம். அவன் வெளியே போவதற்குக் காரணம் பெரும்பாலும் அவனுடைய சம்பளம் இல்லை. வெளியிலிருந்து வாங்கிய மற்றவர்களுக்காகக் கணக்கில் ஆண்டுதோறும் கழிந்துகொண்டிருக்கும் தொகைதான். இதைப் புரிந்துகொள்ள கிளப்பின் கணக்குப் புத்தகத்தை ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும்.

வாங்கியவரின் கணக்கும் வளர்த்தவரின் கணக்கும்

ஒரு கிளப் ஆறு கோடி பவுண்டுக்கு ஒரு வீரரை ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆறு கோடியை ஆடிட்டர் முதல் ஆண்டிலேயே முழுச் செலவாக எழுத மாட்டார். ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து, ஆண்டுக்கு 1.2 கோடி என்று தேய்மானமாகக் கழிப்பார். மூன்று ஆண்டு ஓடியபின் அந்த வீரரின் புத்தக மதிப்பு, அதாவது இன்னும் கழிக்காமல் மிச்சமுள்ள தொகை, 2.4 கோடி. அப்போது அவரை நான்கு கோடிக்கு விற்றால், லாபமாகக் கணக்கில் ஏறுவது 1.6 கோடி மட்டுமே.

அகாடமியில் வளர்ந்த பையனுக்கு வாங்கிய விலையே கிடையாது. அவனுடைய புத்தக மதிப்பு பூஜ்யம். அதே நான்கு கோடிக்கு அவனை விற்றால் நான்கு கோடியும் லாபம்.

அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் காளை வளர்ப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். சந்தையில் இரண்டு லட்சத்துக்குப் பிடித்த காளையை மூன்று லட்சத்துக்குக் கொடுத்தால் மிச்சம் ஒரு லட்சம். சொந்தத் தொழுவத்தில் பிறந்த கன்றை வளர்த்து மூன்று லட்சத்துக்குக் கொடுத்தால் மூன்று லட்சமும் கையில். தீனிச் செலவு அந்தந்த மாதத்து வீட்டுச் செலவோடு போய்விட்டது. கிளப்புகளிலும் அப்படித்தான். அகாடமிச் செலவு அந்தந்த ஆண்டிலேயே எழுதப்பட்டுவிடும். அதற்கு மேல், பிரீமியர் லீக்கின் நஷ்ட வரம்புக் கணக்கில் அகாடமிச் செலவைச் சேர்ப்பதும் இல்லை. பெண்கள் அணி, மைதானக் கட்டுமானம், ஊர்மக்களுக்கான பணிகள் ஆகியவற்றுக்கும் அந்த விலக்கு உண்டு.

இனி கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். பையனை நான்கு கோடிக்கு விற்று, அதே நான்கு கோடிக்கு வேறொருவரை ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால் என்ன ஆகும்? விற்பனை லாபம் நான்கு கோடி அந்த ஆண்டே முழுதாக வரவில் ஏறும். வாங்கிய செலவோ அந்த ஆண்டுக்கு 80 லட்சம்தான். ஒரு பைசாகூட உண்மையில் மிஞ்சவில்லை, ஆனால் புத்தகம் 3.2 கோடி லாபம் காட்டும். அடுத்த நான்கு ஆண்டும் 80 லட்சம் வீதம் அந்த 3.2 கோடி திரும்பக் கழியும். ஐந்தாம் ஆண்டு முடிவில் இரண்டும் நேர். இந்த ஆண்டுக் கணக்கைச் சரிக்கட்ட அடுத்த நான்கு ஆண்டுக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிற வேலை இது. ஒரு முறை செய்த கிளப் மறுபடி செய்ய வேண்டிவருவது இதனால்தான்.

செல்சி கிளப் 2023 ஜனவரியில் மிகைலோ முட்ரிக் என்ற வீரரை எட்டரை ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்ததும் இந்த வகுத்தல் கணக்கை நீட்டத்தான். ஆண்டு கூடக்கூட ஆண்டுச் செலவு குறையும். 2023 கோடை முதல் ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனமான யூஇஎஃப்ஏவும், அந்த டிசம்பரிலிருந்து பிரீமியர் லீக்கும் புதிய ஒப்பந்தங்களுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் வகுக்கக்கூடாது என்று கட்டிவிட்டன. எத்தனை ஆண்டுக்கும் கையெழுத்து வாங்கலாம், கணக்கில் ஐந்துதான்.

ஜூன் 30

நஷ்டத்துக்கு வரம்பு இல்லாவிட்டால் இந்தப் புத்தக விளையாட்டுக்குத் தேவையே இருக்காது. பணக்கார முதலாளி இட்டு நிரப்பிக்கொள்வார். பிரீமியர் லீக்கில் மூன்று ஆண்டுக்குச் சேர்த்து 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்பது பல ஆண்டு இருந்துவந்த விதி. ஆண்டுக்கு 3.5 கோடி. அந்த மூன்றில் ஏதாவது ஓர் ஆண்டு இரண்டாம் நிலை லீக்கில் இருந்திருந்தால், அந்த ஆண்டுக்கு 1.3 கோடிதான். மீறினால் அபராதம் மட்டுமல்ல, புள்ளியே வெட்டு. எவர்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளி வெட்டி, மேல்முறையீட்டில் 6 ஆகக் குறைத்தார்கள். அதே பருவத்தில் இன்னொரு கணக்குக்காக மேலும் 2 போனது.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டின் கதையை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், எல்லாம் அதில் இருக்கிறது. 2022-இல் மேல் லீக்குக்கு ஏறிய கையோடு சுமார் முப்பது வீரர்களை அள்ளிப்போட்டார்கள். அவர்களுக்கான மூன்றாண்டு வரம்பு: இரண்டாம் நிலையில் இருந்த இரண்டு ஆண்டுக்கு 1.3 கோடி வீதம், மேல் லீக்கின் ஓர் ஆண்டுக்கு 3.5 கோடி, ஆக 6.1 கோடி. கணக்கு முடியும் நாள் 2023 ஜூன் 30. சிறுவயதிலிருந்து அவர்களிடமே வளர்ந்த பிரென்னன் ஜான்சன் மட்டும் அப்போது நல்ல விலை போகிற நிலையில் இருந்தார். ஜூனுக்குள் விற்றிருந்தால் வரம்புக்குப் பக்கத்தில் வந்திருக்கலாம். ஆனால் அவசரத்தில் விற்கிறவன் என்று தெரிந்தால் வாங்குகிறவன் அடித்துக் கேட்பான். ஃபாரஸ்ட் காத்திருந்தது. செப்டம்பர் 1 அன்று டாட்டன்ஹாம் 4.75 கோடி கொடுத்தது. விலை நல்ல விலைதான், தேதிதான் இரண்டு மாதம் தள்ளிப்போனது. அந்த லாபம் அடுத்த ஆண்டுக் கணக்குக்குப் போய்விட்டது. வரம்பை 3.45 கோடி மீறியதாகத் தீர்ப்பு. 2024 மார்ச்சில் நான்கு புள்ளி வெட்டு. நல்ல விலைக்காகக் காத்திருந்தோம் என்ற வாதத்தை விசாரணைக் குழு ஏற்கவில்லை. ஜான்சனோ 2025 மே மாதம் யூரோப்பா லீக் இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலுக்குச் சொந்தக்காரர் ஆனார், டாட்டன்ஹாம் சட்டையில்.

மற்ற கிளப்புகள் பாடம் படித்துக்கொண்டன, தவறான பாடம். 2024 ஜூன் கடைசி வாரத்தில் செல்சியிலிருந்து இயன் மாட்சன் ஆஸ்டன் வில்லாவுக்கும், வில்லாவிலிருந்து ஒமாரி கெல்லிமன் செல்சிக்கும் போனார்கள். வில்லாவின் டிம் இரோக்புனம் எவர்டனுக்கு, எவர்டனின் லூயிஸ் டாபின் வில்லாவுக்கு. எல்லோருமே மிக இளம் வயதில் அந்தந்தக் கிளப்புக்கு வந்தவர்கள், புத்தக மதிப்பு இல்லை என்றே சொல்லலாம். ஆளுக்கொரு பையனை மாற்றிக்கொண்டால் இரண்டு பக்கமும் முழு லாபம் எழுதலாம், செலவை ஐந்தாக வகுக்கலாம். நியூகாசில் தன் ஊர்ப் பையன் எலியட் ஆண்டர்சனை அதே நாட்களில் ஃபாரஸ்ட்டுக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டே அவர் இங்கிலாந்து அணியில் ஆடினார். நியூகாசிலுக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை. ஜூன் 30-க்குள் பெரிய லாபம் காட்ட வேறு வழி இல்லை.

ஆகவே ஜூன் மாதத்தில் ஓர் அகாடமி வீரர் திடீரென்று விலை போனால், பயிற்சியாளரோடு சண்டையா, பையனுக்குப் பேராசையா என்று யோசிப்பதற்கு முன் கிளப்பின் மூன்றாண்டுக் கணக்கைத் தேடிப் பாருங்கள். பழி பெரும்பாலும் அந்தப் பையன்மேல் விழுகிறது. அது நியாயமே இல்லை.

வைத்துக்கொண்டால் எவ்வளவு செலவு

இப்போது மறுபக்கம். பத்து கோடி பவுண்டுக்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு நட்சத்திரத்தை வாங்கி, வாரம் 2 லட்சம் சம்பளம் கொடுத்தால், ஆண்டுத் தேய்மானம் 2 கோடி, சம்பளம் 52 வாரத்துக்கு 1.04 கோடி. மொத்தம் 3.04 கோடி. அதே தரத்தில் இருக்கும் அகாடமிப் பையனுக்கு அதே வாரச் சம்பளம் கொடுத்தால் 1.04 கோடியோடு சரி. வாங்கியவருக்கு ஆகிற அதே செலவுக்கு, வளர்ந்த பையனுக்கு வாரம் 5.8 லட்சம் வரை கொடுக்கலாம். அவ்வளவு யாரும் கேட்பதில்லை.

சம்பளம், தேய்மானம், ஏஜென்ட் கட்டணம் மூன்றும் சேர்ந்து வருமானத்தில் இத்தனை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று சொல்கிற புதிய விதிகளில் இந்தச் சாதகம் இன்னும் தெளிவாகத் தெரியும். யூஇஎஃப்ஏ 2023-24-இல் 90 சதவீதத்தில் தொடங்கி, அடுத்த ஆண்டு 80, 2025-26 முதல் 70 என்று இறக்கியது. பிரீமியர் லீக் கிளப்புகள் 2026-27 பருவத்திலிருந்து 85 சதவீதம் என்று 2025 நவம்பரில் வாக்களித்து முடிவு செய்தன. அகாடமி வீரருக்கு இந்தக் கணக்கில் தேய்மானம் என்ற பகுதியே வராது.

காசு கொடுத்து வாங்க முடியாத ஒரு மதிப்பும் அவனுக்கு உண்டு. யூஇஎஃப்ஏ போட்டிகளுக்குத் தரும் 25 பேர் பட்டியலில் எட்டுப் பேர் உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். அதில் நான்கு பேராவது 15 வயதிலிருந்து 21 வயதுக்குள் மூன்று பருவம் அந்தக் கிளப்பிலேயே இருந்திருக்க வேண்டும். எந்த நாட்டுக்காரர் என்பது கணக்கில்லை, எங்கே வளர்ந்தார் என்பதுதான் கணக்கு. அந்த நான்கு இடத்துக்கு ஆளை வெளியிலிருந்து வாங்க வழியே இல்லை. ஆள் இல்லாவிட்டால் பட்டியல் 25-இலிருந்து சுருங்கும். மூன்று பேரை விற்ற மூன்றாம் ஆண்டு, காயங்கள் கூடும் பிப்ரவரி மாதத்தில்தான் இதன் வலி தெரியும்.

தக்கவைக்கும் வேலை எங்கே நடக்கிறது

முதல் விஷயம் காலம். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வீரர் வெளிநாட்டுக் கிளப்போடு முன்கூட்டியே கையெழுத்திடலாம், முடிந்ததும் பழைய கிளப்புக்குப் பைசா கிடைக்காமலே போய்விடலாம். 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த பாஸ்மன் தீர்ப்பு திறந்துவிட்ட வழி இது. ஒப்பந்தம் குறையக்குறையப் பேரத்தில் கிளப்பின் கை தாழ்ந்துகொண்டே போகும். இரண்டு ஆண்டு மிச்சம் இருக்கும்போது புதுப்பித்தால் கிளப் சொல்கிற விலை. ஓர் ஆண்டு மிச்சம் என்றால் வீரர் சொல்கிற விலை, அல்லது விற்பனை. மேசன் மவுண்ட் ஆறு வயதில் செல்சிக்கு வந்தவர். ஓர் ஆண்டு மிச்சம் இருந்தபோது, 2023-இல், 5.5 கோடிக்கு மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். அடுத்த ஆண்டு கானர் கல்லகர் அதே நிலையில் அட்லெட்டிகோ மட்ரிட்டுக்கு. லிவர்பூல் விற்கவும் இல்லை, புதுப்பிக்கவும் இல்லை. ஆறு வயது முதல் அங்கிருந்த டிரென்ட் அலெக்சாண்டர்-அர்னால்ட் 2025-இல் ரியல் மட்ரிட்டுக்குப் போனார். கிளப் உலகக் கோப்பைக்காக ஒரு மாதம் முன்னதாக விடுவித்ததற்கு லிவர்பூலுக்குக் கிடைத்தது சுமார் ஒரு கோடி யூரோ மட்டும்.

சின்னப் பையன்களிடம் இந்தக் கடிகாரம் இன்னும் வேகமாக ஓடும். 18 வயதுக்குக் குறைந்தவரோடு மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் போடக்கூடாது என்பது ஃபிஃபா விதி. 16 வயதில் கையெழுத்திட்டவர் 18 ஆகும்போதே கடைசி ஓராண்டுக்கு வந்துவிடுவார். பார்சிலோனா லமீன் யமாலோடு 2023-இல் போட்டது 2026 வரைதான். அவருக்கு 18 ஆவதற்குச் சில வாரம் முன்பு, 2025 மே மாதத்தில், 2031 வரை நீட்டித்தார்கள்.

இரண்டாவது சம்பள அடுக்கு. இதில்தான் அதிகம் தவறுகிறார்கள். ஒருவருக்கு வாரம் 3 லட்சம் என்றால், உடை மாற்றும் அறையில் அவருக்கு அடுத்து உட்காருகிறவரின் ஏஜென்ட் மறுநாளே வந்து நிற்பார். நட்சத்திரத்துக்குக் கூட்டிக்கொடுத்த 1 லட்சம், நான்கைந்து பேருக்குப் பரவி வாரம் 3 லட்சம் ஆகிவிடும். அதனால் அனுபவமுள்ள கிளப்புகள் அடிப்படைச் சம்பளத்தை அடுக்குக்குள் வைத்து, மிச்சத்தை வேறு தலைப்பில் தருகின்றன. ஆடிய ஆட்டத்துக்கு இவ்வளவு, சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றால் இவ்வளவு கூடும், கீழ் லீக்குக்கு இறங்கினால் இத்தனை சதவீதம் குறையும், ஒவ்வொரு கோடையிலும் கிளப்பிலேயே இருந்தால் தங்கியதற்கான தொகை இவ்வளவு. கையெழுத்துத் தொகையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கெழுதலாம். வருமானம் கூடும் ஆண்டில் செலவு கூடி, குறையும் ஆண்டில் குறையும்படி ஒப்பந்தத்தை எழுதுவதுதான் இதில் உள்ள திறமை.

இடம் ஒதுக்குவதற்கும் முன்யோசனை வேண்டும். ஆர்சனல் 2021 ஜனவரியில் மெசுட் ஒசிலையும், 2022 தொடக்கத்தில் ஒபமெயாங்கையும் டிரான்ஸ்ஃபர் தொகை எதுவும் வாங்காமலே விட்டது. அப்போது பலரும் அதை நஷ்டம் என்றார்கள். அடுக்கின் உச்சியில் இருந்த இரண்டு சம்பளம் இறங்கியதால்தான் 2023-இல் மார்ட்டினெல்லி, சாகா, சலிபா மூவரையும் ஆறு மாதத்துக்குள் அடுத்தடுத்துப் புதுப்பிக்க முடிந்தது. ஏழு வயதில் ஹேல் எண்ட் அகாடமிக்கு வந்த சாகாவின் கையெழுத்து மே மாதம் விழுந்தபோது, ஆர்சனல் ஆறு பருவத்துக்குப்பின் சாம்பியன்ஸ் லீக்குக்குத் திரும்புவது உறுதியாகியிருந்தது. புதிய சம்பளத்துக்கான வருமானம் கண்ணுக்குத் தெரிந்தபின் போட்ட கையெழுத்து அது.

மூன்றாவது விடுவிப்புத் தொகை. ஸ்பெயினில் 1985-ஆம் ஆண்டு அரசாணைப்படி வீரர் இழப்பீடு கட்டி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்பதால், எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். யமாலுக்கு 100 கோடி யூரோ. யாரும் கட்டக்கூடாது என்பதற்காகவே எழுதிய தொகை. இங்கிலாந்தில் இது கட்டாயமில்லை, பேரத்தில் வருவது. ஜாக் கிரீலிஷ் 2020-இல் ஆஸ்டன் வில்லாவில் தங்கச் சம்மதித்தபோது 10 கோடி பவுண்டு என்று எழுதிக் கையெழுத்தானது. அடுத்த கோடையில் மான்செஸ்டர் சிட்டி அதை அப்படியே கட்டிக் கூட்டிப்போனது. அந்தத் தொகை எழுதாமல் இருந்திருந்தால் 2020-இல் அவர் கையெழுத்திட்டிருப்பாரா என்பது வேறு கேள்வி. ஒரு பருவம் அவரைத் தக்கவைத்ததற்கும், பத்து கோடி முழு லாபத்துக்கும் அது போதுமானதாக இருந்தது.

விற்றுத் திரும்ப வாங்குவதும் ஒரு வழிதான். ரியல் மட்ரிட் தானி கார்வஹாலை 2012-இல் 50 லட்சம் யூரோவுக்கு லெவர்குசனுக்கு அனுப்பியது. திரும்ப எடுக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் வைத்திருந்ததால் மறு ஆண்டே 65 லட்சத்துக்கு மீட்டது. ஓராண்டு முழுக்க முதல் அணியில் ஆடும் அனுபவம், 15 லட்சம் செலவில்.

பில்பாவ்

இத்தனை விதிகளுக்கும் நடுவே எங்களுக்கு மிகவும் பிடித்த உதாரணம் அத்லெட்டிக் பில்பாவ். ஸ்பெயினின் வடக்கே உள்ள பாஸ்க் நாட்டில் பிறந்தவர்கள், அல்லது அங்கே கால்பந்து கற்று வளர்ந்தவர்கள் மட்டுமே ஆட வேண்டும் என்பது நூறு ஆண்டைத் தாண்டிய வழக்கம். வெளிச்சந்தையில் வாங்க ஆளே இல்லை என்பதால் தேய்மானச் செலவு மிகக் குறைவு. தொலைக்காட்சிப் பணமும் நுழைவுச்சீட்டுப் பணமும் நேராகச் சம்பளத்துக்குப் போகலாம். யாராவது விடுவிப்புத் தொகையைக் கட்டினால் வாங்கிக்கொண்டு அகாடமியில் போடுவார்கள். 2018-இல் லபோர்ட்டுக்கு மான்செஸ்டர் சிட்டியிடமிருந்து 6.5 கோடி யூரோ, கேப்பாவுக்குச் செல்சியிடமிருந்து 8 கோடி யூரோ இப்படித்தான் வந்தது. பெரிய கிளப்புகள் சுற்றிச்சுற்றி வந்தும் நிக்கோ வில்லியம்ஸ் 2025 ஜூலையில் 2035 வரை கையெழுத்திட்டார். விடுவிப்புத் தொகை 50 சதவீதத்துக்கு மேல் உயர்த்தப்பட்டது. அண்ணன் இனாக்கியும் அதே அணியில். பாசம் மட்டுமே ஆளை நிறுத்திவைக்காது. பெரிய கிளப் கொடுப்பதற்குப் பக்கத்தில் வரும் சம்பளம் கொடுக்க முடிந்ததால்தான் அந்தப் பாசத்துக்கு இடம் கிடைத்தது.

இதற்கு நேர் எதிர் பார்சிலோனா. 13 வயதில் வந்த லயனல் மெஸ்ஸியின் ஒப்பந்தம் 2021 ஜூன் 30 அன்று முடிந்தது. பாதிச் சம்பளத்துக்கு அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் அவரைப் புதிய வீரராகப் பதிய வேண்டும். செலவு வரம்பைத் தாண்டிய கிளப், நான்கு யூரோ மிச்சம் பிடித்தால் ஒரு யூரோதான் புதியவருக்குச் செலவிடலாம் என்பது ஸ்பெயினின் முதல்நிலை லீக்கான லா லீகாவின் அப்போதைய விதி. டெம்பெலே, கூட்டின்யோ, கிரீஸ்மன் என்று 2017-க்கும் 2019-க்கும் இடையே மூன்று பேருக்கு மட்டும் ஆளுக்கு 10 கோடி யூரோவுக்கு மேல் இறைத்த கிளப், ஆகஸ்ட் 5 அன்று மெஸ்ஸி போகிறார் என்று அறிவித்தது.

மதுரை மைதானத்துக்கு இதில் என்ன வேலை

நேரடியாகவே வேலை இருக்கிறது. காரைக்குடிப் பக்கம் கண்டனூரிலிருந்து ராமன் விஜயன் பயிற்சிப் பள்ளி வழியாக பெங்களூரு எஃப்சி வரை போய், 2022-23 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பருவத்தின் வளரும் வீரர் விருது வாங்கிய சிவசக்தி நாராயணனைப்போல் இன்னும் பலர் நம் பக்கத்திலிருந்து போவார்கள். இங்குள்ள சிறிய கிளப்பால் அவர்களைத் தக்கவைக்க முடியாது, தக்கவைக்கவும் கூடாது. ஆனால் வளர்த்ததற்கான பங்கைக் கேட்டு வாங்க ஃபிஃபா விதி இருக்கிறது.

ஒப்பந்தம் முடிவதற்குள் ஒரு தொழில்முறை வீரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு விலைக்குப் போனால், அந்த டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரிக்கப்பட வேண்டும். 12 முதல் 15 வரையான நான்கு பருவத்துக்குப் பருவம் ஒன்றுக்கு மொத்தத் தொகையில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரையான எட்டுப் பருவத்துக்கு 0.5 சதவீதம். மதுரைக் கிளப் ஒன்று 12 முதல் 15 வரை வளர்த்த பையன் பின்னாளில் ஒரு கோடி ரூபாய்க்கு வெளிநாடு போனால், நான்கு பருவத்துக்கும் சேர்த்து 1 லட்சம். 17 வயது வரை வைத்திருந்தால் 2 லட்சம். அவன் மறுபடி வேறு நாட்டுக்கு விலைபோகும்போதெல்லாம் இதே பங்கு மறுபடி வரும். ஓர் ஆண்டுக்கான பந்தும் பூட்ஸும் வாங்கலாம். இரண்டு இந்தியக் கிளப்புகளுக்கிடையே மாறினாலோ, ஒப்பந்தம் முடிந்து இலவசமாகப் போனாலோ இது வராது.

இந்தப் பங்கு கைநழுவுவது பெரும்பாலும் காகிதத்தில்தான். காலையும் மாலையும் கோச் பயிற்சி கொடுத்திருப்பார், பையனின் பெயர் எந்தப் பதிவிலும் இருக்காது. மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம் வழியாக இணைப்புப் பெற்ற கிளப்பின் பெயரில், அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் இணையப் பதிவில் அந்தப் பருவத்துக்கு அவன் பதிவாகியிருக்க வேண்டும். அமெச்சூர், அதாவது சம்பளமில்லா வீரர் என்ற பதிவே போதும். இணைப்பு இல்லாத கோடைக்காலப் பயிற்சி முகாமுக்கு உரிமை கிடையாது. பிறந்த தேதி ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் வேறுவேறாக இருந்தால், எந்தப் பருவம் 12 வயதுப் பருவம் என்பதிலேயே சிக்கல் வரும், பதிவதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.

2022 நவம்பர் முதல் இந்தப் பணம் பாரிஸில் உள்ள ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் வழியாகப் போகிறது. டிரான்ஸ்ஃபர் நடந்ததும் வீரரின் பதிவு வரலாற்றை அந்தந்த நாட்டுச் சம்மேளனங்களின் தரவிலிருந்து தொகுப்பார்கள், பதிவில் இல்லாத கிளப் அதில் தெரியாது. பணம் கிளப்பின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போகும், கோச்சின் சொந்தக் கணக்குக்குப் போகாது. ஆகவே சங்கப் பதிவுச் சான்று, கிளப் பெயரில் வங்கிக் கணக்கு, நிர்வாகிகளின் அடையாள ஆவணங்கள் ஆகியவற்றை முதலிலேயே தயாராக வைத்திருப்பது நல்லது. பருவத்தின் நடுவில் பையன் வேறு கிளப்புக்கு மாறியிருந்தால் அந்த ஆண்டின் பங்கை இருந்த நாட்களுக்கு ஏற்பப் பிரிப்பார்கள். அதனால் சேர்ந்த தேதியோடு விலகிய தேதியும் பதிவேட்டில் இருக்கட்டும்.